கொங்குப் பாட்டும் அரை மணி நேரமும்

கிராமியப் பாட்டு, கும்மி, ஒயிலாட்டம், தெருக்கூத்தில் ஒரு காட்சி, நடுநடுவே இரண்டு பேர் நின்று பேசும் நகைச்சுவை என்று கலந்து கட்டிய கலை நிகழ்ச்சி, தமிழ்நாட்டு அரசுத் தொலைக்காட்சியின் பழைய சரக்குகளில் ஒன்று. அதன் வேர் வானொலியில் இருக்கிறது. வானொலியின் கிராமிய நிகழ்ச்சிக்கோ வெள்ளைக்காரர் காலத்துப் பஞ்சாயத்து ரேடியோ வரை நீளும் வரலாறு உண்டு. கொங்கு நாட்டில், குறிப்பாகப் பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் வட்டாரத்தில், இந்த வரலாறு சற்று வேறு தடத்தில் நடந்தது. பாட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர்கள் அவை. ஆனால் அங்கே பெரிய பாட்டு என்பது விடிய விடிய நடப்பது. நிலையங்களால் தர முடிந்ததோ பதினைந்து நிமிடமும் அரை மணியும். எந்தப் பாட்டு அந்த அளவுக்குள் அடங்கியது, எது அடங்காமல் வெளியே நின்றது என்பதே இந்த வரலாற்றின் பெரும்பகுதி.

இசைக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள தொடர்புக்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. பெருந்துறைக்குத் தென்கிழக்கே அறச்சலூர் நாகமலைக் குகையில், ஆடலுக்கும் தாளத்துக்கும் உரிய அசைகள் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து அசை. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றாகவே வரும்படி அமைத்திருக்கிறார்கள். அதன் காலத்தை கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல் 4ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் பலவாறாகக் கணிக்கிறார்கள். கொங்கு வரலாற்றுக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்த புலவர் செ. இராசு வெளிக்கொண்டுவந்த கல்வெட்டுகளில் இதுவே பெயர் பெற்றது. பெருந்துறைக்கு மேற்கே உள்ள விஜயமங்கலமோ, பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் என்று சொல்லப்படுவது. அந்தக் காப்பியத்தின் தலைவன் உதயணன் யாழ் மீட்டி மதயானையை அடக்குபவன். கல்லிலும் ஏட்டிலும் ஏறியது இவ்வளவுதான். ஊருக்குள் புழங்கிய பாட்டு எதிலும் ஏறாமல் வாய்வழியாகவே வந்தது.

அந்தப் பாட்டில் தலையாயது அண்ணன்மார் கதை. வளநாட்டை ஆண்ட பொன்னர், சங்கர் என்னும் அண்ணன் தம்பி, அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காள், தாய் தாமரை, தகப்பன் குன்னுடையாக் கவுண்டர், கூடவே நிற்கும் சாம்புவன், எதிரில் தலையூர்க் காளியும் வேட்டுவர் படையும், எல்லாவற்றையும் உழுது எறியும் கொம்பன் என்ற பன்றி என்று மூன்று தலைமுறைக்கு நீளும் கதை அது. கோயில் முன்னால் கதைப்பாட்டுக்காரர் உடுக்கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே இரவில் முடிக்க மாட்டார். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர்களை வணங்கி, விட்ட இடத்தைச் சொல்லித் தொடங்கவே நேரமாகும். ஓர் இரவுக்கு ஒரு பகுதி என்று பல இரவுகள் போகும்.

உடுக்கை சிறிய கருவி. இடையில் ஒடுங்கி, இரு பக்கமும் தோல் கட்டி, இரண்டு தோலையும் கயிற்றால் இழுத்துப் பிணைத்திருக்கும். இடது கை இடுப்புக் கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வலது கை விரல்கள் தோலில் பேசும். கதையின் போக்குக்கு ஏற்ப அந்த இறுக்கம் மாறிக்கொண்டே இருக்கும். பாட்டுக்காரர் பாதி பாடுவார், பாதி பேசுவார். அருகில் இருப்பவர் பின்பாட்டுப் பிடிப்பார், நடுவில் 'ஆமா' போடுவார், கேள்வி கேட்பார். கேட்பவர்களும் சும்மா இருப்பதில்லை. சங்கர் வாளை எடுக்கும் இடத்தில் கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். பாட்டு நின்று, திருநீறு கொடுத்து, பிறகுதான் கதை நகரும். படுகளம் வரும் இரவில் பலர் மாண்ட வீரர்களாகத் தரையில் விழுந்து கிடக்க, அவர்கள் மேல் வெள்ளைத் துணி போர்த்தி, தங்காள் எழுப்பியதுபோல் தண்ணீர் தெளித்து எழுப்புவது சடங்கு. இது கதை கேட்பதும் சாமி கும்பிடுவதும் ஒன்றாகிப்போன நிகழ்ச்சி. பின்னாளில் ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது எளிய கேள்வியாக இருந்திருக்காது.

மற்றவை இவ்வளவு கனமானவை அல்ல. திருவிழா அறிவித்து மாரியம்மன் கோயில் சாட்டியதும் கம்பம் நட்டு, ராத்திரியில் இளவட்டங்கள் பறைக்குச் சுற்றி ஆடும் கம்பத்தாட்டம், காலில் பெரிய சலங்கை கட்டி ஆடும் பெருஞ்சலங்கையாட்டம், ஒயிலாட்டம், காவடியாட்டம், வள்ளி திருமணத்தைப் பாடி ஆடும் வள்ளி கும்மி, நெஞ்சை அதிரவைக்கும் துடும்பு, உடுமலைப் பக்கம் கம்பளத்தாரின் தேவராட்டமும் சலகெருதாட்டமும். கல்யாண வீட்டில் குடிமகன் என்னும் நாவிதர் சொல்லும் மங்கல வாழ்த்தும் உண்டு. அது கம்பர் பாடியது என்று நம்பிக்கை. ஏற்றம் இறைக்க, நடவு நட, களை எடுக்க, குழந்தையைத் தூங்கவைக்க, இழவு வீட்டில் ஒப்பாரி வைக்க என்று தனித்தனிப் பாட்டு. ஏற்றப்பாட்டு மின் மோட்டார் வந்த வேகத்தில் போயிற்று. கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனமே பெரும்பங்கு என்பதால் இங்கே அந்த இழப்பு கூடுதல்.

இவற்றை எழுதிவைக்க முயன்றவர்கள் முதலில் வெள்ளைக்காரர்கள். சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் நூலாக்கினார். பெர்சி மெக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய பாடல்களை கி.வா. ஜகந்நாதன் 'மலையருவி' என்ற பெயரில் 1958இல் பதிப்பித்தார். நா. வானமாமலையின் தொகுப்பு 1964இல் வந்தது. கொங்கு நாட்டின் பங்கு பெ. தூரனுடையது. பெருந்துறையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்தவர் அவர். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்குப் பதிப்பாசிரியர். கச்சேரி மேடையில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றியவர். அவரேதான் உழவர் வாய்ப்பாட்டைத் திரட்டிக் 'காற்றில் வந்த கவிதை' என்று பெயரிட்டார். இரண்டு இசைக்கும் ஒரே காதைக் கொடுத்தவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. இந்தத் தொகுப்பைத் தூரனின் சாதனைகளில் பின்வரிசையில் வைப்பது சரியல்ல.

அண்ணன்மார் கதையைக் கவிஞர் சக்திக்கனல் 1971இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே அது ஒலிநாடாவில் ஏறியிருந்தது. பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1965இல் ஈ.சி. இராமசாமி என்ற பாட்டுக்காரர் உடுக்கையோடு பாடப் பாட, சுழல் நாடாப் பதிவுக் கருவியில் எடுத்தார். பதினெட்டு இரவு போயிற்று. அதே இராமசாமி எழுத்தருக்குச் சொல்லி எழுதவைத்த வடிவத்தையும் பெக் வைத்திருந்தார்; கேட்பவர் கூட்டம் எதிரில் இருக்கும்போது கதை எப்படி வருகிறது, எழுதுகோல் மட்டும் எதிரில் இருக்கும்போது எப்படி வருகிறது என்று ஒப்பிட அது உதவிற்று. இந்தக் கதை பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1982இல் வந்தது. பதிவின் தமிழ் எழுத்துவடிவம் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாக இரண்டு தொகுதிகளாக வந்தது. எந்த அரசு நிலையத்துக்கும் பதினெட்டு இரவுக்கு நாடா ஒதுக்கும் நோக்கம் இருந்திருக்காது. முழுக்கதை பதிவானதற்கு ஒரு தனி ஆளின் பிடிவாதமே காரணம்.

வானொலியின் கதை சென்னையில் தொடங்குகிறது. மதராஸ் மாகாண ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பிற்று. பணமில்லாமல் போகவே 1930இல் மாநகராட்சி எடுத்து நடத்திற்று. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மேயிலும் வந்தன. கொங்கு நாட்டுக்கு அடுத்த கால் நூற்றாண்டு திருச்சிதான் நிலையம். வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர் மிகச் சிலர்; பெரும்பாலோருக்குப் பஞ்சாயத்துக் கட்டிடத்தில் பூட்டிவைத்த பெட்டியும், கூரை மேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கியும்தான். மாலையில் ஊழியர் வந்து திறந்துவிட்டால் ஊர் கேட்கும். செய்தி, மார்க்கெட் விலை, உரம் போடும் முறை, இவற்றுக்கு நடுவே பாட்டு. ஊர்ப் பெரியவர் ஒருவரும் கேள்வி கேட்கும் இளைஞர் ஒருவரும் பேசிக்கொள்வதுபோல் அமைத்து, பேச்சு அலுக்கும் இடத்தில் ஒரு நாட்டுப்பாட்டைச் செருகுவது இந்தியா முழுக்க இருந்த முறை. கலை நிகழ்ச்சியாகப் பின்னால் வளர்ந்த வடிவம் இந்தச் செருகலில்தான் பிறந்தது. பாட்டு அங்கே விருந்தாளியாகவே நுழைந்தது. வீட்டுக்காரர் வேளாண்மைத் துறை.

1956இல் புனே வட்டாரத்தில் 150 ஊர்களில் ஊர் மன்றம் கூட்டி வானொலி கேட்கவைத்த சோதனை நடந்தது. பிறகு அது நாடெங்கும் பரவிற்று. 1960களில் திருச்சி வானொலியின் பரப்புரையால் தஞ்சையில் ஆடுதுறை 27 என்ற நெல் வகை பரவி, விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். வானொலிக்குக் கிராமத்தில் எவ்வளவு செல்வாக்கு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாட்டின் பக்கம் கெடுபிடி அதிகம். 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. இந்திய இசையின் நுண்சுருதிகள் அதில் வராது என்பது காரணம். கூத்து மேடையும் நாடகக் கொட்டகையும் அந்தக் காலத்தில் ஆர்மோனியம் இல்லாமல் நடந்ததே இல்லை. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் இசைத் தேர்வுக் குழுக்கள் வந்தன. கலைஞர்களுக்குத் தரம் வந்தது. சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நிறுத்தப்பட்டது. கேட்பவர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். அவர்களை மீட்கவே 1957 அக்டோபரில் விவித் பாரதி பிறந்தது. செவ்வியல் இசைக்காக உண்டாக்கிய தேர்வு முறையின் நிழல் நாட்டுப்புறப் பாடகர் மேலும் விழுந்தது. விண்ணப்பம் போட வேண்டும், நிலையத்துக்கு வந்து பாடிக்காட்ட வேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், பாடல் வரிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத, பாடும்போதே வரியைக் கட்டும் ஒருவருக்கு இதில் கடைசி நிபந்தனைதான் கடினம்.

கோவை வானொலி நிலையம் 1966இல் வந்தது. கொங்கு நாட்டுக்கு இது பெரிய மாற்றம். ஈரோட்டிலிருந்தோ பெருந்துறையிலிருந்தோ ஒரு குழு காலையில் பஸ் ஏறினால் பாடிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். திருச்சிக்கோ சென்னைக்கோ போவதானால் ஆட்டக்காரர் ஆறு பேருக்குச் சோறு, படுக்கை, கூலிநாள் நட்டம் எல்லாம் கணக்கு வரும். வேளாண் கல்லூரி கோவையில் 1906 முதல் இருந்ததால் பண்ணை நிகழ்ச்சிக்கு ஆளும் அருகிலேயே கிடைத்தது. நிலையம் அருகில் இருந்தால் அதில் பேசும் பேச்சும் பாடும் குரலும் அருகிலிருந்தே வரும். கொங்குப் பாட்டின் ஒலிபரப்பு வரலாற்றில், ரேடியோவா டெலிவிஷனா என்பதைவிட நிலையம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதே முடிவு செய்த காரணம்.

அதையே மறுபுறமிருந்து காட்டுவது தொலைக்காட்சி. தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனையாகத் தொடங்கிய ஒளிபரப்பு, 1967 ஜனவரி 26 முதல் 'கிருஷி தர்ஷன்' என்ற விவசாய நிகழ்ச்சியைத் தில்லியைச் சுற்றிய எண்பது ஊர்களுக்குக் காட்டிற்று. 1975 ஆகஸ்ட் முதல் தேதி செயற்கைக்கோள் வழியான கல்விச் சோதனை தொடங்கிற்று. ஆந்திரம், கர்நாடகம் உட்பட ஆறு மாநிலங்களில் 2,400 ஊர்கள் நேரடியாகப் படம் பார்த்தன. அதில் தமிழ்நாடு இல்லை. அதே மாதம் 15ஆம் தேதி சென்னை நிலையம் தொடங்கிற்று. ஆக, ராய்ச்சூர்ப் பக்கத்துக் குக்கிராமத்தில் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தபோது தமிழ்நாட்டில் அது சென்னை நகரத்துச் சமாசாரமாக இருந்தது.

சென்னை நிலையத்தின் 'வயலும் வாழ்வும்' அந்தச் சூழலில் ஒரு விநோதம். பார்க்கிறவர் மயிலாப்பூரிலும் பெரம்பூரிலும் இருக்க, திரையில் கத்தரிக்குப் பூச்சிமருந்து. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' வரும்வரை பொறுத்துக்கொண்டு பார்த்தவர்களின் கேலிக்கு ஆளான நிகழ்ச்சி அது. பல கோமாளித் துணுக்குகளுக்கு அதுவே கச்சாப்பொருள். ஆனால் கிராமியக் கலைஞர்கள் முதன்முதலாகப் படத்தில் தெரிந்தது விவசாய நிகழ்ச்சியின் ஓரத்திலும் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியிலும்தான்.

படப்பிடிப்புக் கூடத்தில் பாட்டு என்ன ஆனது என்பதற்குப் பறையை எடுத்துக்கொள்ளலாம். அடிப்பதற்கு முன் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும்; காய்ந்தால்தான் கணீர் என்று வரும். ஆட்டத்தின் நடுவிலும் தொய்ந்தால் மறுபடி காய்ச்ச வேண்டும். குளிரூட்டிய கூடத்தில் தீ மூட்ட முடியாது. அங்கே தோல் தொய்வது வெளியைவிடச் சீக்கிரம். இரண்டாவது இடைஞ்சல் ஓசை. துடும்பும் பறையும் திறந்த வெளிக்கான கருவிகள். நாலு சுவருக்குள் அடித்தால் மைக் தாங்காது. பாடுகிறவர் குரல் அதில் முழுகிப்போகும். ஆகவே கருவியைத் தள்ளி வைத்தார்கள், அடியைக் குறைக்கச் சொன்னார்கள், சில நேரம் டோலக்கும் தபலாவும் புல்லாங்குழலும் சேர்த்து மெல்லிசை ஆக்கினார்கள். மூன்றாவது இடம். ஒயிலாட்டத்துக்கும் கும்மிக்கும் வட்டம் வேண்டும். கேமராவுக்கு முகம் வேண்டும். வட்டம் அரைவட்டமாகி, பிறகு வரிசையாயிற்று.

பின்னணியில் ஒரு கூரைக் குடிசை, ஒரு வண்டிச் சக்கரம், ஒரு மண்பானை அடுக்கு, தரையில் கோலம். ஆடுகிறவர்களுக்குக் கண்டாங்கிச் சேலை, தலைப்பாகை. இந்த அலங்காரத்தில் தஞ்சாவூர், ராமநாதபுரம், கொங்கு என்ற வேற்றுமை தெரியாது. எல்லாம் சேர்ந்து 'கிராமம்' என்ற ஒரே ஊர். குரல்களிலும் தென்மாவட்டமே மேலோங்கிற்று. வானொலியில் பாடிப் புகழ்பெற்றுப் பிறகு 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் நடித்த கொல்லங்குடி கருப்பாயி, மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வும் மேடையில் பாட்டுமாக இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்றவர்களின் வழியாகத்தான் கிராமியப் பாட்டு என்றால் இன்னது என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்கு உண்டாயிற்று. அவர்கள் தகுதி குறைந்தவர்கள் அல்லர். தம் வட்டாரத்துப் பாட்டை அவர்கள் காப்பாற்றினார்கள். கொங்கு வட்டாரத்துக்கு அப்படி ஒரு தெரிந்த முகம் சென்னைக் கூடத்தில் அமையவில்லை.

கொங்கு நாட்டுக்குப் படம் வந்த விதமும் நேரானதல்ல. 1982இல் வண்ணமும் தேசிய நிகழ்ச்சியும் வந்தன. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி மேலே போயிற்று. 1984இல் நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடெங்கும் சிறு சக்தி ஒளிபரப்பிகள் நட்டார்கள். அந்தக் கோபுரங்கள் செயற்கைக்கோளிலிருந்து வாங்கித் தந்தது பெரும்பாலும் தில்லி நிகழ்ச்சி. மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் கிடைத்தது இந்திச் செய்தியும் 'சித்ரஹார்' பாட்டும்தான். தென்கோடியில் இருந்தவர்கள் 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியைப் பிடித்துப் பார்த்தார்கள். கொங்கு மேட்டுக்கு அந்த வசதியும் இல்லை. கொடைக்கானல் மலைமேல் உயர்சக்திக் கோபுரம் வந்து சென்னை நிகழ்ச்சிகள் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒழுங்காக எட்டியது 1980களின் பிற்பகுதியில். அதற்குள் பெருந்துறை கோயமுத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1979இல் உருவான பெரியார் மாவட்டத்துக்குப் போயிருந்தது. அந்த மாவட்டம்தான் இன்றைய ஈரோடு.

உலகத்தின் வேறு மூலைகளில் இதே சிக்கலைத் தீர்த்த விதம் ஒப்பிடத் தக்கது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வானொலி 1925இல் தொடங்கிய சனிக்கிழமை இரவு நாட்டுப்பாட்டு நிகழ்ச்சி 'கிராண்ட் ஓலே ஓப்ரி' என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. கேட்பவர் கூட்டத்தை அரங்குக்குள்ளேயே உட்காரவைத்து நேரடியாக ஒலிபரப்பியதே அதன் பலம். டெக்சஸில் ஆஸ்டின் நகரத்துப் பொதுத் தொலைக்காட்சி 1974இல் வில்லி நெல்சனை வைத்து முன்னோட்டம் எடுத்து, 1976 முதல் 'ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்' என்று நடத்திவருகிறது. இரண்டும் அந்தந்த ஊரின் நிலையங்கள். பாட்டுக்காரர் இருக்கும் ஊரில் மைக்கும் கேமராவும் இருந்தன. கோவைக்கு 1966இல் வானொலியில் கிடைத்தது அதுதான். தொலைக்காட்சியில் அப்படியொரு முழு நிலையம் கொங்கு நாட்டுக்கு வாய்க்கவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது டேப்ரெக்கார்டர். 1980களில் கேசட் மலிந்தபோது, உடுக்கைப் பாட்டும் அண்ணன்மார் கதையும் மாரியம்மன் தாலாட்டும் பதிவாகித் திருவிழாக் கடைகளில் விற்றன. ஒரு கேசட்டுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். கதை நீண்டால் இன்னொரு கேசட். ஒலிபரப்பு நிலையம் தர மறுத்த நீளத்தைச் சந்தை தந்தது. தேர்வுக் குழு இல்லை, எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கோயில் சாட்டிய ஊரில் விடியற்காலம் ஒலிபெருக்கியில் போடுவதற்கென்றே வாங்கினார்கள். இதில் ஒரு நட்டமும் உண்டு: கேசட் இருந்தால் போதும் என்று பாட்டுக்காரரைக் கூப்பிடாமல் விட்ட ஊர்களும் இருந்தன. நாவலுக்கும் திரைக்கும் கதை போயிற்று. மு. கருணாநிதி அதைப் 'பொன்னர் சங்கர்' என்று நாவலாக எழுதினார். 2011இல் அது தியாகராஜன் இயக்கத்தில் படமாயிற்று. பிரெண்டா பெக் தன் பழைய பதிவுகளை அடிப்படையாக வைத்து 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராக்கினார்.

1993 தொலைக்காட்சியைப் புரட்டிப்போட்ட ஆண்டு. தூர்தர்ஷன் செயற்கைக்கோள் வழியே தமிழுக்குத் தனி அலைவரிசை தந்தது; அதே ஆண்டு ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது. அரசு அலைவரிசை பின்னர் பொதிகை என்று பெயர் பெற்றது. 1997 நவம்பரில் வானொலியும் தொலைக்காட்சியும் பிரசார் பாரதியின் கீழ் வந்தன. தனியார் போட்டியில் சினிமாப் பாட்டும் தொடரும் அவர்கள் பக்கம் போகவே, கர்நாடக இசையும் கிராமியக் கலையும் விவசாயமும் பொதிகையின் அடையாளமாயின. வேண்டாம் என்று விட்டதெல்லாம் ஓர் அலைவரிசையின் பெருமையானது. நாட்டுப்புறப் பாடகர்கள் புஷ்பவனம் குப்புசாமியும் அனிதாவும் அரசு, தனியார் இரண்டு பக்கமும் பாடினார்கள். தனியார் அலைவரிசைகளும் நாட்டுப்பாட்டை அடியோடு விடவில்லை, போட்டியாக மாற்றின. 2018இல் விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்' பட்டத்தைச் செந்தில் கணேஷ் நாட்டுப்பாட்டு பாடியே வென்றார். மூன்று நிமிடத்துக்குள் கைதட்டு வாங்கும் பாட்டு அதற்குப் பொருந்தும். உடுக்கை பொருந்தாது.

கொங்கு ஊர்களில் இதே காலத்தில் கேபிள் ஆபரேட்டர்கள் சொந்தமாக உள்ளூர் சேனல் நடத்தினார்கள். அவர்களுக்கு நேரத்துக்குக் குறைவே இல்லை, நிரப்புவதுதான் பாடு. ஒரு கேமராவைக் கோயில் வாசலில் நிறுத்தினால் தேர் புறப்படுவது முதல் கம்பம் பிடுங்குவது வரை அப்படியே ஓடும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் மட்டமான படம். நீளத்தில் அரசு நிலையம் எதுவும் செய்யாததை அது செய்தது. அரசு 2006 முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கவே, பார்க்கப் பெட்டி இல்லாத வீடு குறைந்தது.

வானொலிப் பக்கம் கடைசி மாற்றம் சமுதாய வானொலி. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் நிலையம் வந்தது. 2006இல் விதிகள் தளர்ந்தன. நூறு வாட் அளவு சக்தி, சுற்றிலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு எட்டும் அலை, நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்ற நிபந்தனை. பெருந்துறைக்குச் சொந்தமாக ஒலிபரப்பு வந்தது இந்த வழியில்தான்: 1984இல் தொடங்கிய கொங்கு பொறியியல் கல்லூரியின் வளாகத்திலிருந்து ஒரு சமுதாய வானொலி நடக்கிறது.

2024 ஜனவரி இந்த வரலாற்றில் இரண்டு செய்திகளைச் சேர்த்தது. 19ஆம் தேதி பொதிகை, டிடி தமிழ் என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது. 25ஆம் தேதி அறிவித்த பத்மஸ்ரீ பட்டியலில், மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டியைச் சேர்ந்த எம். பத்ரப்பனின் பெயர் இருந்தது. அப்போது அவருக்கு வயது 87. ஆண்கள் மட்டும் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த வாத்தியார் அவர். அந்த ஒரு மாற்றத்தின் பலன் பெரிது. இன்று கொங்கு ஊர்களில் கும்மி கற்கும் குழுக்களில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். சின்னப் பெண் முதல் பேரன் எடுத்தவர் வரை ஒரே நிறச் சேலையில் வரிசை கட்டி, வாத்தியார் ஒருவர் மைக்கில் பாட, மாலை தொடங்கி இரவு வரை ஆடுகிறார்கள். ஊர் அரங்கேற்றங்கள் முழு நீளமும் யூடியூபில் நேரடியாக ஓடுகின்றன.

கூட்டம் பெருகியதும் அரசியலும் வந்தது. 2024இன் தொடக்கத்தில் பெருந்துறை வட்டாரத்தில் ஒரு கட்சி மாநாட்டில் பல்லாயிரம் பெண்கள் ஒரே நேரத்தில் வள்ளி கும்மி ஆடினார்கள். கும்மிப் பயிற்சி சாதிப் பெருமையைச் சொல்லிக்கொடுக்கும் இடமாகிறது என்ற விமர்சனம் அதையொட்டி வலுத்தது. குறிஞ்சி நிலத்து வேட்டுவப் பெண்ணை முருகன் காதலித்து மணந்த கதையைப் பாடும் ஆட்டத்துக்கு இந்தக் கதி என்பது கசப்பான வேடிக்கை. பறை அடிப்பவர், உடுக்கை பாடுபவர், மங்கல வாழ்த்துச் சொல்பவர், கும்மி ஆடுபவர் எல்லோரும் வெவ்வேறு சாதியினர் என்பதால், கொங்குக் கலையில் எது மேடை ஏறுகிறது என்பதில் சாதிக் கணக்கு என்றும் இருந்தது. நிலையத்தின் தேர்வுக் குழு கெடுபிடியாகவும் தூரமாகவும் இருந்தாலும் அந்தக் கணக்கைக் கேட்க வேண்டியதில்லாத இடமாக இருந்தது. பொது ஒலிபரப்புக்குச் சொல்ல வேண்டிய நன்றி அது. அண்ணன்மார் கதையோ அண்ணன்மார் கோயில் உள்ள வீரப்பூரிலும் கொங்குக் கோயில் வாசல்களிலும் இன்னமும் இரவில்தான் பாடப்படுகிறது. எதிரில் இப்போது செல்போன்கள் உயர்ந்து நிற்கின்றன, பதிவு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று இணையத்தில் ஏறுகிறது.